பெருமாள் பார்க்கிற திசையில் ஒரு ஃப்ளாட்

எங்கள் கல்யாணத்துக்குப் பதினொரு சுவர்க் கடிகாரங்கள் பரிசாக வந்தன. கொடுத்தவர்களில் ஒருவராவது கூடவே ஒரு சுவரையும் கொடுத்திருக்கலாம். உறையூரில் நாங்கள் குடியேறிய வாடகை வீட்டில் மூன்று சட்டங்கள் இருந்தன. பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது. மொட்டை மாடியில் வடாம் காய வைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. முதல் இரண்டை மீறினால் திட்டு. மூன்றாவதை மீறினால் காலி செய்ய வேண்டியதுதான் என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். பதினொரு கடிகாரங்களும் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போயின. மணி பார்க்க நாங்கள் செல்போனைத்தான் பார்த்தோம்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு ஒரு கம்பெனி ஆபீசில் பில் போடுகிற வேலை. "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, இன்னும் எதுக்கு வாடகை வீடு?" என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. அப்படிக் கேட்டவர்களிடம் முன்பணத்துக்குக் கொஞ்சம் கைமாற்று கேட்டுப் பாருங்கள், அத்தனை பேருக்கும் உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

வாங்கினால் ஸ்ரீரங்கத்தில்தான் வாங்க வேண்டும் என்பது என் மாமியாரின் கட்டளை. அவருக்கு ஊர் லால்குடி. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து பெருமாளைக் கும்பிட்டுவிட்டுப் போவார். "ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு இருந்தா, கால் வலிக்குதுன்னா வந்து நீட்டிக்கலாம்ல?" என்பார். எனக்கும் ஆசைதான். தினமும் காவிரிப் பாலத்து நெரிசலில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய், முதல் பீரியடுக்குள் பாதி உயிரோடு நுழைவது எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அதனால் ஒரு புரோக்கரைப் பிடித்தோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பெரிய குங்குமம், இரண்டு செல்போன். ஒன்றில் வாங்குகிறவர்களோடும் மற்றொன்றில் விற்கிறவர்களோடும் பேசுவார்; இரண்டிலும் ஒரே சமயத்தில் பொய் சொல்லும் திறமை அவருக்கு இருந்தது. அவர் காட்டிய முதல் ஃப்ளாட்டின் பால்கனியில் நின்று, கழுத்தை இடது பக்கம் முழுசாகத் திருப்பி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே பார்த்தால் ராஜகோபுரத்தின் கலசத்தில் பாதி தெரிந்தது.

"கோபுரம் வியூ மேடம். அதுக்கு மட்டும் சதுர அடிக்கு ஐநூறு கூட" என்றார்.

"பாதிதானே தெரியுது?" என்றேன்.

"முழுசா தெரியிற ஃப்ளாட்டும் இருக்கு. ஆனா அது உங்க பட்ஜெட்ல வராது மேடம்."

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கோடியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

அடுத்து ஒரு மனை. 'ஸ்ரீரங்கத்துக்கு மிக மிக அருகில்' என்று விளம்பரம். இலவச வேனில் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு மோர் பாக்கெட்டும் கொடுத்தார்கள். வேன் கொள்ளிடத்தைத் தாண்டியது. வயலைத் தாண்டியது, ரயில்வே கேட்டைத் தாண்டியது, இன்னும் இரண்டு வயலைத் தாண்டியது. கடைசியில் கொடி நட்ட ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். என் கணவர் நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் பார்த்தார். "அது எங்க வீட்டுத் தண்ணி டேங்கு" என்றார். லால்குடிக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மிச்சமிருந்த தூரத்தை நடந்து போய் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அன்றைக்கு லாபம் அந்தச் சாப்பாடு ஒன்றுதான்.

பேங்க்கில் வேறு கதை. வீட்டு விலையில் பெரும்பகுதியை அவர்கள் தருவார்களாம், மீதியை நாங்கள் போட வேண்டுமாம். "அந்த மீதிதான் சார் இல்ல" என்றார் என் கணவர். "அப்ப லோன் எதுக்கு கேக்கறீங்க?" என்றார் அந்த அதிகாரி. அவருக்குக் கோபமே இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். கணக்கு டீச்சரான எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. கல்யாணம் பண்ணிப் பார்த்தாயிற்று, வீட்டைக் கட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. அப்போதுதான் வீட்டுக்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் பாக்கெட்டோடு மேலே வந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் இங்கேயே வந்துவிடப் போகிறானாம். "மூணு மாசத்துல பாத்துக்குங்கம்மா" என்றார். நாங்கள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. அப்படியிருந்தும் வெளியே போகச் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே பீரோவைத் திறந்து, அப்பா எனக்குப் போட்ட ஆரத்தையும் நான்கு வளையல்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"வித்துடுவோம்" என்றேன்.

"உங்கப்பா என்ன நினைப்பாரு?" என்றார் அவர்.

"கழுத்துல போட்டா கழுத்துதான் வலிக்குது. சுவரா மாத்திக்கலாம்."

அவர் வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்றினார். பிறகு, "உனக்கு நான் திருப்பி வாங்கித் தருவேன்" என்றார். இப்படிச் சொல்லாத புருஷன் திருச்சி ஜில்லாவில் இருக்க மாட்டான். ஆனாலும் அன்றைக்கு அது எனக்குத் தேவையாக இருந்தது. நம்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஃப்ளாட் வந்தது. அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், இரண்டாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஆனால் கதவைத் திறந்ததும் திறந்த வராந்தா. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தென்னை மரங்கள், அதற்கு அந்தப் பக்கம் காவிரி, ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டை. கோபுரத்தில் பாதி கலசமெல்லாம் இல்லை. உச்சிப் பிள்ளையார் முழுசாக உட்கார்ந்திருந்தார், அதுவும் இலவசமாக. ஆற்றுக் காற்று நேராக வீட்டுக்குள் வந்து அடுப்படி வரைக்கும் போனது. நான் ஹாலில் நின்று சுவர்களை எண்ணினேன். பதினொரு கடிகாரத்துக்கும் இடம் இருந்தது.

சென்னைக்கு மாற்றலாகிப் போகிற ஒருவர் விற்கிறார். விலையைக் கேட்டதும் நான் இரண்டாவது முறை கேட்டேன். அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுகளை விட ஏழெட்டு லட்சம் குறைவு. நகையை விற்று, பேங்க் கடனையும் சேர்த்தால் சரியாக எட்டியது.

"ஏன் இவ்வளவு கம்மி?" என்றேன்.

புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். "தெற்குப் பாத்த வாசல் மேடம். யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக் கொடுக்கிறவள். திசைக்கும் தலைவிதிக்கும் என்ன சம்பந்தம்? மறுநாளே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம் என்றேன். என் கணவர்தான், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் போனது.

மாமியாருக்கு அந்த வாரம் முழங்கால் வலி, படியேற முடியாது. வீட்டைப் பார்க்க வரவில்லை. தனக்குப் பதிலாக ஒரு வாஸ்துக்காரரை அனுப்பினார். லால்குடிக்காரர், ஏதோ ஆபீசில் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். தோளில் ஜோல்னாப் பை, அதில் ஒரு திசைகாட்டி, ஒரு செம்புக் கம்பி. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், இரண்டாயிரம் ரூபாய் வைத்துக் கொடுத்தோம். பணத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பழத்தை எங்களிடமே திருப்பித் தந்தார். அதிலேயே அவர் மேல் என் கணவருக்கு மரியாதை வந்துவிட்டது.

வாசலில் திசைகாட்டியை வைத்தார். முள் ஆடி நின்றது. ஒரு தடவை உச்சுக் கொட்டினார்.

"தெற்கு. எமன் திசை."

நான் விடவில்லை. "சார், ஸ்ரீரங்கத்துல நின்னுக்கிட்டு இதைச் சொல்றீங்களே? பெருமாளே தெற்குப் பாத்துத்தானே படுத்திருக்காரு?"

"அவருக்கு மெத்தையே பாம்பும்மா. நீங்க பாம்பு மேல படுப்பீங்களா?" என்றார்.

புரோக்கர் சிரித்துவிட்டார். வாஸ்துக்காரர் செம்புக் கம்பியை நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். கன்னி மூலையில் குளியலறை இருந்தது. அங்கே நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"குடும்பத் தலைவிக்கு ஆகாது. அதுவும் புதுசா கல்யாணம் ஆன பொண்ணு..." என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமலே தலையை ஆட்டினார்.

"பரிகாரம் ஏதாவது இருக்குங்களா?" என்றார் என் கணவர்.

"எத்தனையோ வீட்டுக்குப் பரிகாரம் சொல்லியிருக்கேன் தம்பி. இதுக்கு இல்ல."

விற்கிறவரும் அங்கேதான் நின்றிருந்தார். மனுஷன் முகம் சுருங்கிப்போனது. வாஸ்துக்காரர் படியிறங்கும்போது அவரிடம், "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் விலை கேட்பது நம் ஊர் வழக்கம்தானே.

சாயங்காலம் மாமியார் போன் செய்தார். செய்தி எங்களுக்கு முன்னால் லால்குடி போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்த வீடு வேணாம் தம்பி. கேட்டதுலேருந்து எனக்கு நெஞ்சு படபடங்குது."

போனை நான் வாங்கினேன். "அத்தை, நீங்க வாராவாரம் கும்பிடற பெருமாளே தெற்குதான் பாத்திருக்காரு."

"அவரு விபீஷணனுக்காக இலங்கையைப் பாத்துக்கிட்டிருக்காரு. உனக்கு இலங்கையில யாரு இருக்கா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். எங்கள் விஷயத்தில் சாமி பாவம், வாயே திறக்கவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, நாங்கள் குடியிருந்த உறையூர் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன். தெற்கு. சுத்தமான தெற்கு. ஒன்றரை வருஷமாக எமன் திசையில்தான் இட்லி அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மறுபடியும் போன் போட்டேன்.

"அத்தை, இந்த வீடும் தெற்குதான். எங்களுக்கு என்ன ஆச்சு?"

"அது வாடகை வீடும்மா. வாடகை வீட்டுக்கு யாராவது வாஸ்து பாப்பாங்களா? தோஷம் வீட்டுக்காரங்களைத்தான் சேரும்."

இவ்வளவு துல்லியமாக விலாசம் பார்த்துப் போய்ச் சேருகிற தோஷத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. தபால்காரர்கூட ஒரு தடவையாவது மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாமியாரையும் கணவரையும் திட்டிவிட்டுப் போவது சுலபம். என் கணவர் அன்றைக்கு, "நீ சொல்லு. நீ வேணும்னா அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். உண்மையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்து 'வாங்குவோம்' என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை. அந்த ஆள் முடிக்காமல் விட்ட வாக்கியம் காதுக்குள்ளேயே இருந்தது. அப்போது எனக்கு நாள் தள்ளிப்போய் நான்கு நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நிகழ்தகவு டீச்சர், எமனுக்குப் பயந்து, "வேணாங்க, விட்டுடுவோம்" என்றேன். அடுத்த வாரமே அது வெறும் தள்ளிப்போனதுதான் என்று தெரிந்தது. அன்றைக்கு நான் அழுததற்கு என்ன காரணம் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதி அதற்காக, பாதி வீட்டுக்காக.

பத்து நாள் கழித்து, வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று நினைத்தேன். இடைவேளையில் புரோக்கருக்குப் போன் செய்து, "நாங்க வாங்கிக்கறோம். தெற்கா இருந்தா என்ன, எதுவா இருந்தா என்ன" என்றேன்.

"அடடா, முடிஞ்சிடுச்சே மேடம். வெளியூர்ப் பார்ட்டி ஒருத்தர். உங்ககிட்ட சொன்னதைவிட ரெண்டு லட்சம் கொறைச்சு முடிச்சாரு."

"குறைச்சா?"

"வாஸ்துக்காரர் வந்து அப்படிச் சொல்லிட்டுப் போனதுக்கப்புறம் ஓனருக்கே அந்த வீட்டுல தூக்கம் வரலியாம். வந்த விலைக்குத் தள்ளிட்டாரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நகையைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலி செய்யக் கொடுத்த கெடுவில் இரண்டு வாரம்தான் பாக்கி. சொந்த வீட்டுப் பேச்சை ஏறக்கட்டிவிட்டு வாடகை வீடு தேட ஆரம்பித்தோம். வாடகையும் சும்மா இல்லை; பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள்.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது புரோக்கரே கூப்பிட்டார். "மேடம், கோவிச்சுக்காதீங்க. நீங்க பாத்த அதே ஃப்ளாட் வாடகைக்கு வந்திருக்கு."

கோபித்துக்கொள்ள நேரம் இல்லை. சரி என்று முன்பணம் அனுப்பிவிட்டு, அக்ரிமென்ட் போட அவருடைய ஆபீசுக்குப் போனோம். வீட்டு ஓனர் வருகிறார் என்றார்கள். முதலில் ஜோல்னாப் பை உள்ளே வந்தது, பின்னால் வாஸ்துக்காரர் வந்தார்.

"அட, நீங்களா! ரொம்ப சந்தோஷம். தெரிஞ்சவங்க கையில இருந்தா வீடு பத்திரமா இருக்கும்" என்றார். முகத்தில் ஒரு சின்ன கூச்சம்கூட இல்லை.

"தெற்கு வாசல்னு சொன்னீங்களே சார்?" என்றேன்.

"குடியிருக்கத்தான்மா ஆகாது. வாடகைக்கு விட தெற்கு ரொம்ப விசேஷம்."

"பரிகாரமே இல்லைன்னீங்க?"

"அன்னிக்கு இல்ல. அப்புறம் யோசிச்சேன், கிடைச்சுது. நிலைக்கு மேல ஒரு செம்புத் தகடு அடிச்சிருக்கேன்."

என் கணவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தச் செம்புக் கம்பியை நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாமானெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது, உறையூரில் வீட்டுக்காரம்மாவின் மகன் வந்து இறங்கிவிட்டான். கையெழுத்துப் போட்டேன். என் பெயர் 'வாடகைதாரர்' என்ற இடத்துக்கு நேராக இருந்தது. புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது வாஸ்துக்காரர் ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

பால் காய்ச்சுகிற அன்று மாமியார் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினார். இதுதான் அந்த வீடு என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பால் பொங்கியது. அவர் முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், காற்றில் முந்தானை பறக்க நின்று மலைக்கோட்டையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"யாரு வீடு தம்பி இது?"

"உங்க வாஸ்துக்காரர் வீடும்மா" என்றார் என் கணவர்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. கதவை, நிலையை, மேலே நான்கு மூலையிலும் ஆணி அடித்த செம்புத் தகட்டை, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். "அவரு வீடா! அப்ப எல்லாம் பாத்துத்தான் வாங்கியிருப்பாரு. அதான் காத்து இப்படி வருது." பாலை ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் குத்தலே இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது.

"ஏம்மா, ஒரு வருஷமா அலைஞ்சீங்களே, இந்த மாதிரி ஒண்ணைப் பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மூட்டையை அவிழ்த்துச் சுத்தியலை எடுத்தேன். பதினொரு பெட்டியில் ஒன்றைப் பிரித்து, கடிகாரத்தைக் கணவர் கையில் கொடுத்தேன். ஹாலில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், நடு மத்தியில், முழு நீள ஆணி ஒன்றை வைத்து ஓங்கி அடித்தேன். காரை ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. விழட்டும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளட்டும்.